கார்டின் எட்டாவது வரி

பாஸ்கெட்பால் ஆட்டம் நான்கு மணிக்கு. நடுவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. நான் இரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். என் மைத்துனன் மூன்றே காலுக்கு வந்தான். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே, "என்ன மாமா, ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்துக் குடியேறிட்டீங்களா?" என்றான். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் இது. நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

கதவில் 'நடுவர் அறை' என்று தாள் ஒட்டியிருந்தார்களே தவிர, அது சாமான் அறைதான். ஒரு மூலையில் காற்றுப் போன வாலிபால்கள், இன்னொரு மூலையில் ஈரத் துடைப்பான்கள். சுவரில் கீழ்ப்பாதி உடைந்த கண்ணாடி. அதில் முகம் தெரியும், சட்டை தெரியாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால்தான் ஒழுங்கு. நல்லதில் நான் உட்கார்ந்துகொண்டேன். முன்னதாக வந்ததற்கு அந்த லாபமாவது இருக்கட்டும்.

மைத்துனன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றிப் பேசினால்கூடக் கேட்பவருக்குச் சந்தோஷமாக இருக்கும், அப்படி ஒரு வாய். என் மனைவிக்கு எட்டு வயது இளையவன். நடுவர் தேர்வுக்கு அவனை அழைத்துப் போனதும் நான்தான், அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. இன்று அவன் நெஞ்சில் மேல் பட்டியல் நடுவர்களுக்கான பேட்ஜ் இருந்தது. என் நெஞ்சில் அது இருந்த இடத்தில் நான்கு ஊசித் துளைகள் இருந்தன. சட்டை பழையதுதான், பேட்ஜைத்தான் பிரித்து வாங்கிக்கொண்டார்கள்.

"இந்தாங்க மாமா," என்று பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினான். "புது விசில். வெளியூர்லேருந்து வரவழைச்சேன். சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"என்னோடது இன்னும் ஊதுது."

"வெச்சுக்கோங்க, ஸ்பேரா இருக்கட்டும்." என் மடிமேல் வைத்தான். நான் எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தேன். ஆட்டம் முடிந்து போகும்போதும் அது அங்கேயே இருந்தது.

"நான்தான் டீச்சர்கிட்ட பேசினேன், தெரியுமா? மாமாவுக்கு இது கடைசி சான்ஸ், என்கூடப் போடுங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்," என்றான்.

நான் பாத்துக்கறேன். என் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் வாய் கூசாமல் சொன்னான்.

கடைசிச் சான்ஸ் என்பது உண்மை. எனக்கு ஐம்பது நிறைய இரண்டு மாதம் இருந்தது. ஐம்பது நிறைந்தவனை மேல் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, இன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்கு மார்க் போடப் போகிறார். அவர் சரியென்றால் பேட்ஜ் திரும்பி வரும். இல்லையென்றால் நான் பாட்டுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை என்று சாக எனக்கு மனமில்லை.

ஆனால் இன்று எனக்கு வேண்டியது பேட்ஜ் மட்டும் அல்ல. ஆட்டம் தொடங்கும் முன் என் மைத்துனன் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும்: அன்றைக்குக் கடைசி ஷாட் தன் பொறுப்பு என்று. வேறு யாரும் கேட்க வேண்டாம், நான் கேட்டால் போதும். வரவில்லை என்றால், என் பையின் உள் ஜிப்புக்குள் இருந்த பழுப்பு உறை டீச்சர் கைக்குப் போகும். அதைக் கொடுத்தால் விசாரணை, கூச்சல், இன்றைய ஆட்டம் வேறு ஜோடிக்கு, எனக்கு மார்க்கும் கிடையாது. போனால் போகட்டும் என்று முடிவு கட்டித்தான் இரண்டு மணிக்கே வந்திருந்தேன்.

உறைக்குள் இருந்தது ஒரு கார்டு.

எங்கள் லீக்கில் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். ஒருவர் முதல் நடுவர், மற்றவர் துணை. ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து யார் எதைப் பார்ப்பது என்று பேசி முடிவு செய்து, உள்ளங்கை அளவு கார்டு ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் பத்து வரி அச்சடித்திருக்கும். முதல் வரி, பந்தை மேலே போடுவது யார் என்பது. எட்டாவது வரி, கடைசி ஷாட் யார் பொறுப்பு என்பது. நேரம் முடிந்தால் ஹாரன் அலறும், கூடைப் பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் பந்து கையை விட்டிருந்தால் கூடை கணக்கில் சேரும், கையிலேயே இருந்தால் சேராது. ஒரு மனிதன் ஆட்டக்காரரின் கையையும் அந்த விளக்கையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். அதை இரண்டு பேரிடம் விட்டால் இரண்டு பேருமே பார்க்கமாட்டார்கள். அதனால்தான் முன்கூட்டியே ஒருவர் பெயரை எழுதி வைப்பது.

மூன்று வருடம் முன்பு லீக் இறுதி ஆட்டத்தில் நான் முதல் நடுவர், அவன் துணை. மேல் பட்டியலுக்கு ஆள் எடுப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "எட்டாவது எனக்குக் குடுங்க மாமா, கடைசி ஷாட்டை நான் எடுத்துக்கறேன், அவங்க கண்ணுல படட்டும்," என்று கெஞ்சினான். மைத்துனன்தானே என்று நானும் கொடுத்தேன். அவனே தன் கையால் பெயரை எழுதினான்.

ஒரு புள்ளி வித்தியாசம். கடைசி நொடி. பந்து காற்றில், ஹாரன் அலறுகிறது, பந்து கூடைக்குள். ஆயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். அவன் கையைத் தூக்கவும் இல்லை, குறுக்கே ஆட்டவும் இல்லை. மரம்போல் நின்றான். நான் கூடைக்கு அடியில் இருந்தேன், அங்கிருந்து பார்த்தால் விளக்கு தெரியாது. ஒரு நொடி பார்த்தேன், இரண்டு பார்த்தேன், மூன்று பார்த்தேன். இரண்டு அணியும் என்மேல் பாய்ந்து வந்தன. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் கூடை செல்லும் என்று கையைத் தூக்கினேன்.

செல்லாது. வீடியோவில் விளக்கு சிவந்த பிறகும் பந்து விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீடியோவை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என் மகள் கல்லூரியில் எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'மூணு செகண்ட்' என்று பெயர். கூடைக்குப் பக்கத்தில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் தப்பு என்று ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, அதை வைத்துக் கேலி. இப்போதுகூட இந்த அறைக்கு வெளியே யாரோ ஒரு பையன், "டேய், மூணு செகண்ட் வந்திருக்காருடா!" என்று கத்திவிட்டு ஓடினான். மைத்துனன் காதில் விழாததுபோல் தலையை வாரிக்கொண்டிருந்தான்.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி, கார்டு எங்கே என்று. அது என் பையில் இருந்தது. ஆனால் ஆட்டம் முடிந்த இரவே என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். "அவனுக்கு இப்பத்தான் வேலை போச்சு, கைக்குழந்தை வேற. இதுவும் போச்சுன்னா அவன் ஒடஞ்சு போயிடுவான். நீங்க தாங்கிக்குவீங்க, அவன் தாங்கமாட்டான்." எந்தக் காலத்திலும் அந்தக் கார்டை வெளியே எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றே உறையில் போட்டு, வாயை ஒட்டி, தேதி எழுதி, பையின் உள் ஜிப்பில் வைத்தேன். விசாரணையில், தொலைந்துவிட்டது என்றேன். கார்டு இல்லையென்றால் முதல் நடுவர் பொறுப்பு என்றார்கள். இரண்டு வருடத் தடை, பேட்ஜ் பறிப்பு. மைத்துனனைக் கேட்டதற்கு, "மாமாதான் பாத்துக்கறதா பேசினதா ஞாபகம்," என்றானாம். ஒரு வருடத்தில் அவன் மேல் பட்டியலில் இருந்தான்.

இந்த மூன்று வருடமும் அந்த உறைதான் எனக்குச் சோறு போட்டது என்றால் மிகை இல்லை. யாராவது மூணு செகண்ட் என்று கூப்பிட்டால் மனதுக்குள் உறையைத் தொட்டுக்கொள்வேன். நினைத்தால் உங்கள் எல்லோர் வாயையும் அடைக்க முடியும், நினைக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொள்வேன். ஒருநாள் பையைத் துடைக்கும்போது உறையின் வாய் கொஞ்சம் சுருங்கியிருந்ததைப் பார்த்தேன். வியர்வை ஈரம் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"சரி மாமா, பேசிடலாமா? டைம் ஆகுது," என்று மைத்துனன் ஆடும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்று அவன் முதல் நடுவர், நான் துணை.

"கார்டு?"

"மேசையில இருக்கும், அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல வாயால பேசிடுவோம். ஒண்ணு, பந்து நான் போடறேன். நீங்க மேசைக்கு எதிர்ப்பக்கம்."

"சரி."

"ரெண்டு, லைன். உங்களுக்குப் பக்கத்துல இருக்கறது உங்களுக்கு, எனக்குப் பக்கத்துல இருக்கறது எனக்கு. மூணு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊதிட்டா?"

"கையை மேல தூக்கி நிறுத்திக்கணும். சைகை காட்டக் கூடாது. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாக்கணும்."

"கரெக்ட். யாருக்குக் கிட்டக்க நடந்துச்சோ அவர் முடிவு. இன்னொருத்தர் கையை இறக்கிடணும்."

"இறக்கிட்டு அவர் சொன்னதுக்கு ஒத்துப் போகணும்," என்றேன். "வெளியில போனதுக்கு அப்புறமும்."

அவன் வாட்ச்சைத் திருகினான். "நாலு, கோச் கத்தினா ஒரு தடவை கேட்டுக்கறோம், ரெண்டாவது தடவை எச்சரிக்கை, அப்புறம் டெக்னிக்கல் ஃபவுல். அஞ்சு, டைம் அவுட் முடிஞ்சா யார் எந்தப் பக்கம் நின்னாங்களோ அதே பக்கம். ஆறு, ஆள் மாத்தறது, அதை நீங்க பாருங்க. ஏழு, சண்டை வந்தா நான் உள்ள போறேன், நீங்க பெஞ்ச்சைப் பாருங்க." ஒரு மூச்சு விட்டான். "ஒம்பது, ஸ்கோர் ஷீட்டு..."

"எட்டு?"

"எட்டு என்ன மாமா, அது வழக்கம்போலத்தான்."

"வழக்கம்னா?"

அவன் சிரித்தான். பாலிசி காலாவதியாகிப்போன ஆளிடம் சிரிக்கும் சிரிப்பு. "பழசைக் கிளறணுமா இப்ப? ஆட்டத்துக்கு அரை மணிதான் இருக்கு."

"கிளறல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டு மேல போ. அன்னைக்கு எட்டாவது வரியில யார் பேர் இருந்துச்சு?"

"மூணு வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. நீ கெஞ்சினே. நீயே எழுதினே."

"பேசினோம்தான். பேசினதுல என்ன முடிவாச்சுன்னு..." இழுத்தான். "அந்தக் கூச்சல்ல எல்லாம் கொழம்பிப் போச்சு மாமா. கையைத் தூக்கினது நீங்க. அதை நான் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

அவன் பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய்யாகவும் இல்லாமல் உண்மையாகவும் இல்லாமல் நடுவில் நின்று பூசி மெழுகுகிறான். மூன்று வருடம் பூசிப் பூசி, அவனுக்கே சுவர் எது பூச்சு எது என்று தெரியாமல் போய்விட்டதோ என்னவோ. நான் பையை மடிமேல் வைத்து உள் ஜிப்பைத் திறந்தேன்.

"இது என்னன்னு தெரியுதா?"

உறையில் என் கையெழுத்து, அந்த இறுதி ஆட்டத்தின் தேதி. அவன் முகத்தில் ஈயாடவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று ஒரு கணம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை மறைக்கமாட்டேன்.

"நீயா சொல்றியா, கார்டு சொல்லட்டுமா?"

"மாமா, அதுல..." என்றான்.

கிழித்தேன். கார்டு வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. பத்து வரி, பத்துக்கும் எதிரில் காலி இடம். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை, பேனா பட்ட தடமே இல்லை. புத்தம் புதிய வெற்றுக் கார்டு. திருப்பிப் பார்த்தேன். உறையைப் பிரித்து உள்ளே பார்த்தேன். ஏதோ கார்டு ஒளிந்து விளையாடுகிற மாதிரி உறையைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றான் மைத்துனன். அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே திகைத்திருந்தான். "அது இல்லியே மாமா. விசாரணைக்கு முந்தின நாளே அக்கா எங்க வீட்டுக்கு வந்து என் கையில குடுத்தா. நீயே கிழிச்சுப் போட்டுருன்னா. அவ முன்னாடியே கிழிச்சேன். நீங்க குடுத்தனுப்பினதாத்தான் நெனச்சேன்."

விசாரணைக்கு முந்தின நாள். அப்படியானால், தொலைந்துவிட்டது என்று அந்த மேசை முன்னால் நின்று நான் சொன்னேனே, என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே பொய், அதுவும் பொய்யாக இல்லை. என்னிடம் கார்டு இல்லவே இல்லை. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. உறையின் சுருங்கிய வாய் ஞாபகம் வந்தது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்திருப்பாள். கனம் தெரிய வேண்டுமே என்று என் மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறாள். வீட்டு வேலை எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல.

"நான் குடுத்தனுப்பினதா நெனச்சியா?" என்றேன். "நெனச்சவன் ஒருநாளாவது வந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"எப்படி வர்றது? உங்க மூஞ்சியில முழிக்க முடியல."

"இப்ப முழிக்கறே இல்ல? இப்ப சொல்லு. அது யார் ஷாட்?"

அவன் வாயைத் திறந்தான். வரும் என்றுதான் நினைத்தேன். உதடுகூட அசைந்தது. பிறகு தரையைப் பார்த்து, "அதான் கிழிச்சாச்சே மாமா," என்றான். "கிழிச்சதுக்கு அப்புறமும் அதையே பேசிட்டிருந்தா எப்படி?"

அவன் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்தார். டீச்சர்தான். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் கிளிப் அட்டை.

"கார்டு எங்கப்பா? ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடி என் கைக்கு வரணும்னு தெரியாதா? உங்க ரெண்டு பேராலதான இந்த ரூலே வந்துச்சு?"

"மேசையில இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்," என்றான் மைத்துனன்.

"மேசையில என்ன, அச்சாபீசா வெச்சிருக்கேன்? மொதல் நடுவர்தான் கொண்டு வரணும்." பிறகு அவர் பார்வை என் கைக்கு வந்தது. "அதான் மாமா வெச்சிருக்காரே. பாத்துக் கத்துக்கோ. அஞ்சு நிமிஷம் தரேன்."

கதவை மூடாமலேயே வெளியே நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் என் கையிலிருந்த கார்டைப் பார்த்தோம். மைத்துனன் மெதுவாகக் கையை நீட்டி அதை வாங்கினான். நானும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது, டீச்சரிடம் கொடுக்க என்னிடம் இருந்ததே அந்த வெற்றுக் கார்டுதான்.

முட்டியில் வைத்து மளமளவென்று எழுதினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுவரை வந்து பேனா நின்றது. எட்டாவது வரிக்கு எதிரில் பேனா முனையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை, பயமா, கெஞ்சலா. அவன் என் பெயரை எழுதினாலும் எழுதிவிடுவான் என்று தோன்றியது. பேனாவைப் பிடுங்கினேன். அவன் பெயரைப் பெரிதாக, அந்த இடம் கொள்ளாமல் எழுதினேன். "போடு கையெழுத்தை," என்றேன். மீதி இரண்டு வரியையும் நிரப்பிவிட்டுப் போட்டான். நானும் போட்டேன். இந்தத் தடவை கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகிற யோசனை எனக்கு இல்லை. கதவுக்கு வெளியே சென்று டீச்சர் கையில் நானே கொடுத்தேன். அவர் கிளிப்பில் மாட்டிக்கொண்டு, "போங்க, பந்தைச் செக் பண்ணுங்க," என்றார்.

சேர்ந்து நடந்து மைதானத்துக்குள் போனோம். நடுவர்கள் சேர்ந்துதான் நுழைய வேண்டும், அதுவும் விதி. பந்தை அவன் தோள் உயரத்திலிருந்து விட்டான், அது எகிறி வந்த உயரத்தை நான் பார்த்துத் தலையாட்டினேன். நேரக்காரரிடம் ஹாரனை ஒருமுறை அடிக்கச் சொன்னேன். இரண்டு பலகையிலும் விளக்கு சிவந்தது. நன்றாகத்தான் எரிந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீல அணி பச்சை அணியைத் துவைத்துக் காயப்போட்டது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஊதியது ஐந்து முறை. ஐந்து முறையும் கையைத் தூக்கி நிறுத்தினோம், கண்ணைப் பார்த்தோம், யாருக்குக் கிட்டக்கவோ அவர் முடிவு சொன்னார், மற்றவர் கையை இறக்கினார். மூன்று வருடத்தில் பார்க்காத பார்வையை ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துத் தீர்த்தோம். என் கால் நின்ற இடமெல்லாம் சரியாக இருந்தது. கோபத்தில் இத்தனை நன்றாக ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நொடியில் பச்சை அணிப் பையன் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து பந்தை வீசினான். விளக்கு சிவந்தபோது பந்து அவன் கையில் இருந்தது. அது நேராகப் போய்க் கூடைக்குள் விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. மைத்துனன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டி, செல்லாது என்றான். அத்தனை துல்லியம், அத்தனை தைரியம். வித்தியாசம் முப்பத்தொரு புள்ளி. செல்லும் என்றிருந்தாலும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"எட்டாவது வரியை எவ்ளோ அழகாப் பண்ணினே பாரு," என்று டீச்சர் அவன் முதுகில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மார்க் நல்லா வந்திருக்கு. பேட்ஜ் அடுத்த வாரம் வாங்கிக்கோங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன ஒரு புரிதல்! சொந்தம்னா சொந்தம்தான்." மைத்துனன் அசடு வழிந்தான். நான் தேங்க்ஸ் டீச்சர் என்றேன்.

வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டே அவன், "மாமா, அக்காவைத் திட்டாதீங்க," என்றான். அதற்கு மட்டும் அவனுக்கு வாய் வந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் இன்னொரு நடுவர் சட்டை மேலாக இருந்தது. "என்னாச்சு?" என்றாள்.

"பாஸ். பேட்ஜ் வருது."

முகம் மலர்ந்தாள். நான் கிழித்த உறையை எடுத்து அந்தச் சட்டை மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை, என்ன அது என்று கேட்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டின் ஓரத்தை ஒருமுறை நீவிச் சரிசெய்தாள்.

"என்கிட்ட வாக்கு வாங்கினே இல்ல?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "எந்தக் காலத்துலயும் வெளிய எடுக்கமாட்டேன்னு நான் சொன்னேனா இல்லியா? நம்பித்தானே தலையாட்டினே? அப்புறம் எதுக்கு மாத்தி வெச்சே?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை, பயப்படவும் இல்லை. கிழிந்த உறையை ஒரு விரலால் தொட்டாள்.

"நீங்க ஒருநாள் பிரிப்பீங்கன்னுதான்," என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவைப் பிரிக்கத் தொடங்கினேன்.